சட்டைப்பையில் இருந்த சிறு புத்தகம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த இளைஞர் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் சென்ற வாரம் நம்மிடம் வந்து, "சாமி, இளைஞர் மாலையில் நீங்கள் அரைமணி நேரம் பேச வேண்டும். ஆனால் பிரசங்கம் மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் நம் பிரசங்கத்தைப் பொறுமையோடு கேட்கும் மக்களுக்கு இந்தச் சலுகையாவது கொடுக்க வேண்டாமா? ஆகவே இன்று பிரசங்கம் இல்லை. உங்கள் வயதுள்ள ஓர் இளைஞர் போர்முனையில் எழுதி வைத்த குறிப்புகளைப் பற்றிச் சொல்லப் போகிறோம்.

இந்த எண்ணம் நமக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். விழா மலருக்காகக் கோவில் அலமாரியில் இருந்த பழைய மினிட்ஸ் நோட்டுகளை எடுத்துப் புரட்டினோம். ஐம்பது ஆண்டுகள்! எல்லாக் கூட்டங்களும் செபத்துடன் தொடங்கி, நன்றியுரையுடன் இனிதே முடிந்திருக்கின்றன. தேர்ப் பாதையைப் பற்றி இரண்டு தெருக்காரர்களுக்கும் இடையே நடந்த சண்டை நம் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். அதைப் பற்றி நோட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த மாதத்துப் பக்கத்தில், பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாங்கத் தீர்மானிக்கப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவரை நாம் குறை கூறவில்லை. நாம் எழுதியிருந்தாலும் ஆர்மோனியத்தைத்தான் எழுதியிருப்போம். அந்த நோட்டை மூடி வைத்தபோதுதான், தன்னைப் பற்றியே மறைக்காமல் எழுதிய அந்தப் போர்வீரரின் நினைவு வந்தது.

அவர் பெயர் யூஜின் ஸ்லெட்ஜ். அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்தில் மொபீல் என்ற துறைமுக நகரத்தில் 1923-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் பிறந்தார். தந்தை மருத்துவர். வசதியான குடும்பம். பறவைகள், காடு, வேட்டை என்று திரிந்து வளர்ந்த பையன். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தார். பிள்ளை அதிகாரியாகட்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அதற்கான பயிற்சித் திட்டத்தில் கல்லூரிக்கும் அனுப்பப்பட்டார். அங்கே பாடத்தில் மனம் செல்லவில்லை. போர் தமக்கு முன்னால் முடிந்துவிடுமோ என்ற கவலை. அவரும் அவரோடிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும் வேண்டுமென்றே பாடங்களில் தோற்று, சாதாரணச் சிப்பாய்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். தேர்வில் தோற்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு என்பதை இங்குள்ள மாணவர்கள் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வீரர்கள் டைரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது படையின் விதி. எழுதியது எதிரியின் கையில் அகப்பட்டால் படையின் இரகசியங்கள் வெளியாகிவிடும் என்ற அச்சம். ஸ்லெட்ஜிடம் சட்டைப்பைக்குள் அடங்கும் புதிய ஏற்பாடு ஒன்று இருந்தது. அதில்தான் அவர் தம் குறிப்புகளை மறைவாக எழுதி வைத்தார். நாள், இடம், யார் விழுந்தார்கள், என்ன நடந்தது என்பவற்றைச் சுருக்கமாக எழுதினார். நற்செய்தியும் நரகத்தின் கணக்கும் ஒரே சட்டைப்பையில் வியர்வையிலும் மழையிலும் நனைந்துகொண்டு கிடந்தன.

எதிர்ப்பக்கத்தில் நிலைமை நேர்மாறானது. ஜப்பானிய வீரர்களுக்குப் புத்தாண்டுதோறும் டைரி கொடுக்கப்பட்டது. எழுதும்படி எதிர்பார்க்கவும் பட்டது. இறந்தவர்களின் உடைமைகளிலிருந்து கைப்பற்றிய அந்த டைரிகளை அமெரிக்கர் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து படித்தார்கள். படித்து மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் டொனால்ட் கீன் என்ற கடற்படை இளைஞர். பிற்காலத்தில் ஜப்பானிய இலக்கியத்தின் பெரும் அறிஞரானவர். இரத்தக் கறை படிந்த டைரிகளில் சிலவற்றின் கடைசிப் பக்கத்தில், இதைக் கண்டெடுப்பவர் போர் முடிந்தபின் என் குடும்பத்தாரிடம் சேர்த்துவிடுங்கள் என்ற வேண்டுகோள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். கீன் அவற்றை எப்படியாவது உரியவர்களிடம் சேர்க்கலாமென்று தம் மேசைக்குள் ஒளித்து வைத்தார். பின்னர் அவை கண்டுபிடிக்கப்பட்டுப் பறிமுதலாயின. கீன் 2012-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, 2019-இல் அந்நாட்டிலேயே காலமானார். அந்த டைரிகளைத் திருப்பிக் கொடுக்க முடியாத வருத்தம் அவரைவிட்டு நீங்கவில்லை.

இனி ஸ்லெட்ஜின் கதைக்கு வருவோம்.

1944-ஆம் ஆண்டு அவர் பசிபிக் பெருங்கடலில் பவுவு என்ற தீவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் தென்னந்தோப்பாக இருந்த தீவு. போரினால் காய் பறிக்க ஆளின்றி, விழுந்த தேங்காய்கள் எல்லாம் அழுகிக் கிடந்தன. அந்த நாற்றம் எப்படியிருக்கும் என்று நம் ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவானால் நில நண்டுகள் கூடாரத்துக்குள் புகுந்து சப்பாத்துக்குள் குடியேறும். காலையில் காலை விடுமுன் சப்பாத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே அவர் மரைன் படையின் முதல் டிவிஷனில், ஐந்தாவது ரெஜிமென்ட்டின் 'கே' கம்பெனியில் சேர்க்கப்பட்டார். சிறிய மார்ட்டார் பீரங்கிக்குக் குண்டு சுமப்பது அவர் வேலை. சண்டை மும்முரமாகும்போது காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்குவதும் அவர்கள் வேலையே. ஒரு காயக்காரருக்கு நான்கு பேர். எதிரிகள் அந்த நான்கு பேரையே குறிவைத்துச் சுட்டார்கள்.

1944 செப்டம்பர் 15. பெலிலியு என்ற பவளத் தீவில் இறங்கினார்கள். பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. அங்கே பதினோராயிரம் ஜப்பானியர், குகை குகையாகக் குடைந்து காத்திருந்தார்கள். இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும் என்று டிவிஷன் தளபதி முன்கூட்டியே சொல்லியிருந்தார். முடிந்தது நவம்பர் 27-ஆம் நாள். மரைன் டிவிஷனில் மட்டும் 1,252 பேர் மாண்டனர்; ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். ஜப்பானியரில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மடிந்தனர். குகைகளில் பதுங்கியிருந்த 34 ஜப்பானிய வீரர்கள், போர் முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 1947-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் வெளியே வந்து சரணடைந்தார்கள். இத்தனைக்கும் இந்தத் தாக்குதலையே கைவிட்டுவிடலாம் என்று கடற்படைத் தளபதி ஹால்சி இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் ஆலோசனை கூறியிருந்தார். அது ஏற்கப்படவில்லை. இந்தத் தீவு தேவைதானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் கேட்கிறார்கள். அங்கே பிள்ளையை இழந்த தாய்மார்கள் கேட்டிருக்க மாட்டார்களா?

வெப்பம் நிழலிலேயே 46 டிகிரி செல்சியஸ் வரை போயிற்று. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் பழைய எண்ணெய் டிரம்களில் நிரப்பப்பட்டிருந்தது. டிரம்களைச் சரியாகக் கழுவவில்லை. துருவும் எண்ணெயும் கலந்த அந்த நீரைக் குடித்துப் பலர் வாந்தியெடுத்தார்கள். தரை முழுவதும் பவளப்பாறை, மண்வெட்டி இறங்காது. ஆகவே பதுங்குகுழி தோண்டவும் முடியவில்லை, இறந்தவரைப் புதைக்கவும் முடியவில்லை, மலத்தை மூடவும் முடியவில்லை. பிணங்களை மொய்த்துக் கொழுத்த ஈக்கள் சோற்றுப் பாத்திரத்தில் வந்து உட்கார்ந்தால், விரட்டினாலும் பறக்காத அளவுக்குச் சோம்பேறிகளாக இருந்தனவாம். இதை நாம் சாப்பாட்டுக்கு முன்னே சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். போர் என்றால் கொடியும் வாத்தியமும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த ஈக்களைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

இறங்கிய மறுநாள், திறந்த வெளியாகக் கிடந்த விமானத்தளத்தைக் கடக்கும்படி கட்டளை வந்தது. ஒளிய ஒரு புதர் இல்லை. நாலா பக்கமும் குண்டுகள் வெடிக்க, பற்களைக் கடித்துக்கொண்டு ஸ்லெட்ஜ் நடந்தார். நடக்கும்போது வாய்க்குள், நல்ல ஆயனைப் பாடும் சங்கீதத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனார். அவர்கள் புத்தகத்தில் அது 23-ஆம் சங்கீதம். நம் பழைய செபப்புத்தகங்களில் 22 என்று இருக்கும். எண் எதுவானாலும் அன்று அந்தத் தளத்தில் அதைச் சொல்லாத வாய் குறைவாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் விழுந்தார்கள். அவர் கடந்துவிட்டார். தாம் செபித்ததால் பிழைத்ததாகவும், விழுந்தவர்கள் செபிக்காததால் விழுந்ததாகவும் அவர் எங்கும் எழுதவில்லை. நமக்கு அவர்மேல் மதிப்பு உண்டாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. நம்மில் சிலர் பேருந்து விபத்தில் தப்பினால்கூடப் பக்கத்து இருக்கைக்காரரைவிட நம் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஓர் இரவு நடந்ததைச் சொல்ல நமக்கே தயக்கமாக இருக்கிறது. கூட இருந்த ஒரு வீரருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. கத்தத் தொடங்கினார். எதிரி இருளில் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் இடம். அதட்டினார்கள், அடித்தார்கள், மயக்க மருந்து ஊசி போட்டார்கள், அடங்கவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவரே மண்வெட்டியின் தட்டையால் தலையில் அடித்தார். விடிந்தபோது அந்த வீரர் இறந்து கிடந்தார். அடித்தவர் யாரென்று ஸ்லெட்ஜ் பெயர் சொல்லவில்லை. அனைவரும் அந்தச் சாவைச் சுமந்துகொண்டு அடுத்த குன்றுக்குப் போனார்கள்.

போர் ஒரு மனிதனை ஒரே நாளில் மிருகமாக்குவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஆக்குகிறது. ஸ்லெட்ஜின் குறிப்புகளில் இது படிப்படியாகத் தெரிகிறது. தம் தோழர்கள் மூவரின் பிணங்களை எதிரிகள் சிதைத்துப் போட்டிருந்ததைக் கண்டபோது, இனி ஒரு ஜப்பானியனுக்காகவும் இரங்க மாட்டேன் என்ற வெறுப்பு உள்ளத்தில் இறங்கியதை அவர் ஒளிக்கவில்லை. இன்னொரு நாள், மண்டையோடு பிளந்து உட்கார்ந்த நிலையிலேயே இறந்து கிடந்த ஒரு ஜப்பானிய வீரரைக் கண்டார்கள். மழைநீர் தேங்கிய அந்த மண்டைக்குள் பக்கத்திலிருந்த மரைன் வீரர் பவளக் கற்களை ஒவ்வொன்றாக, நம் பிள்ளைகள் குளத்தில் கல்லெறிவதுபோல, போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கோபமும் இல்லை, குரூரமும் இல்லை. சும்மா பொழுது போகாமல் எறிந்துகொண்டிருந்தார்.

எதிரிகளின் பிணங்களிலிருந்து தங்கப் பற்களைப் பிடுங்கிச் சேர்க்கும் வழக்கம் அந்தப் படையில் பரவியிருந்தது. காயம்பட்டு உயிரோடிருந்த ஒரு ஜப்பானியரின் வாயிலிருந்தே ஒருவர் கத்தியால் பல்லைப் பெயர்க்க முயன்றதை ஸ்லெட்ஜ் தம் கண்ணால் கண்டு, கூச்சலிட்டிருக்கிறார். முதலில் பார்த்தபோது குடலைப் புரட்டியது. நாட்கள் போகப் போக அது சாதாரணக் காட்சியாயிற்று. பிறகு ஒரு நாள், ஒரு பிணத்தின் முன் அவரே குனிந்தார். கையில் கத்தி. வாயில் தங்கப் பல் மின்னுகிறது. எல்லாரும் எடுக்கிறார்கள், நாமும் எடுத்தால் என்ன?

அன்பர்களே, இவர் யார் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். மருத்துவரின் மகன். சங்கீதம் சொல்லிக்கொண்டு விமானத்தளத்தைக் கடந்தவர். சட்டைப்பையில், நெஞ்சுக்கு மேலேயே, புதிய ஏற்பாடு இருக்கிறது. அந்தப் புத்தகம் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அப்பொழுது ஒரு கை அவர் தோளில் விழுந்தது. படையுடன் வந்த மருத்துவ உதவியாளர். 'டாக்' என்று அன்போடு அழைப்பார்கள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். இவர் சொன்னார். டாக் அவரைத் திட்டவில்லை. பாவம் என்று சொல்லவில்லை. பத்துக் கட்டளைகளை எடுக்கவில்லை. பிணத்தின் வாயில் கிருமிகள் இருக்கும், தொற்றிக்கொள்ளும், வேண்டாம் என்றார். அட, அதை நினைக்கவில்லையே என்று ஸ்லெட்ஜ் கத்தியைத் திருப்பி, பல்லை விட்டுவிட்டு, சட்டைக் கழுத்திலிருந்த படைச் சின்னத்தை மட்டும் அறுத்துக்கொண்டார். அது பரவாயில்லை என்று டாக்கும் தலையசைத்தார்.

கிருமியாம்! சுற்றிலும் நூற்றுக்கணக்கான பிணங்கள் அழுகிக் கிடக்கின்றன. சோற்றில் ஈ மொய்க்கிறது. குடிக்கும் நீரில் எண்ணெய் மிதக்கிறது. அங்கே ஒரு பல்லில் இருக்கும் கிருமிக்கா பயம்? டாக் கிருமிக்காகச் சொல்லவில்லை, தம்மைக் காப்பாற்றுவதற்காகவே சொன்னார் என்பது ஸ்லெட்ஜுக்கு நெடுநாள் கழித்துத்தான் விளங்கிற்று. முழுவதும் மரத்துப் போகாத ஓர் உள்ளம், மரத்துக்கொண்டிருந்த இன்னோர் உள்ளத்துக்கு, அவமானப்படாமல் பின்வாங்க ஒரு வழி செய்து கொடுத்தது. பாவம் என்று சொல்லியிருந்தால் அந்த இளைஞர் என்ன செய்திருப்பார்? நம் அனுபவத்தில் சொல்கிறோம், பெரும்பாலும் எடுத்தே இருப்பார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்து நாம் கற்றுக்கொண்டதை, அந்த டாக் குண்டு விழும் இடத்தில் ஒரு நொடியில் செய்துவிட்டார்.

இதில் இன்னொன்றும் உண்டு. இந்த நிகழ்ச்சி அவ்விருவர் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பல்லை எடுக்கவும் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் உலகம் அறியப் போவதே இல்லை. ஸ்லெட்ஜ் எழுதினார். செய்த குற்றத்தை எழுதுபவர்கள் சிலர் உண்டு; செய்யவிருந்த குற்றத்தை எழுதுபவர் அரிது.

நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், ஒவ்வோர் இரவும் ஆத்தும சோதனை செய்து ஒரு நோட்டில் எழுதும்படி ஆன்ம குருவானவர் சொல்லியிருந்தார். நாமும் ஒழுங்காக எழுதினோம். சில ஆண்டுகளுக்கு முன் பெட்டியைக் கிளறியபோது அந்த நோட்டு அகப்பட்டது. ஆவலோடு திறந்தோம். சாம்பாரில் உப்பு இல்லாதது, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை, இலத்தீன் பாட்டில் சுருதி பிசகிய சகோதரர், விளையாட்டில் ஏமாற்றிய இன்னொருவர் என்று எழுதியிருந்தது. மூன்று ஆண்டு ஆத்தும சோதனையில் நம் ஆத்துமத்தைத் தவிர எல்லார் ஆத்துமமும் இருந்தது! அந்தக் குறட்டைக்காரருக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து இரண்டு நாள் கிடந்தார். நாம் அவருக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை என்பது இன்றும் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த இரண்டு நாட்களின் பக்கத்தில், இரவு நிம்மதியான தூக்கம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

சரி. பெலிலியுவில் அவர்கள் மிகவும் நேசித்த கம்பெனித் தலைவர் கேப்டன் ஹால்டேன் அக்டோபர் 12-ஆம் நாள், மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்குப் பலியானார். கல்நெஞ்சக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்களெல்லாம் அன்று உட்கார்ந்து அழுதார்கள். அந்தத் தீவில் இறங்கிய 'கே' கம்பெனியார் சுமார் 235 பேர். காயமின்றித் திரும்பியவர்கள் 85 பேர்.

அடுத்தது ஒக்கினாவா. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். அது உயிர்த்த ஞாயிறு! நம் கோவில்களில் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்த அதே நாளில் அவர்கள் அந்தக் கரையில் இறங்கினார்கள். முதலில் எதிர்ப்பே இல்லை. மே மாதத்தில் தென்பகுதிக்கு அனுப்பப்பட்டபோதுதான் உண்மையான போர். மே மாதக் கடைசியில் பிடித்த மழை விடவில்லை. பிணங்கள் மூழ்கிக் கிடந்த சேற்றுக் குன்றில் அவர்கள் குழி தோண்டிக்கொண்டு நாட்கணக்கில் கிடந்தார்கள். சரிவில் வழுக்கி விழுந்தவர் எழும்போது உடம்பெல்லாம் புழுக்கள் நெளியும். கூட இருப்பவர் கத்தியால் வழித்து விடுவார். இதற்குமேல் வேண்டாம்.

82 நாட்கள் நடந்த அந்தப் போரின் கடைசியில், எஞ்சியிருந்த எதிரிகளைத் தேடிக்கொண்டு சென்றபோது, ஸ்லெட்ஜ் ஒரு குடிசைக்குள் நுழைந்தார். தரையில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அந்தத் தீவைச் சேர்ந்த ஏழைக் குடியானவப் பெண். வயிற்றில் பெருங்காயம், அழுகத் தொடங்கிவிட்டது, பிழைக்க வழியில்லை. ஸ்லெட்ஜின் துப்பாக்கிக் குழலை மெல்லப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, சுட்டுவிடு என்று சைகை காட்டினாள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அந்தச் சைகைக்கு மொழி வேண்டியதில்லை.

அவர் முடியாது என்று தலையசைத்தார். துப்பாக்கியை விடுவித்துக்கொண்டு, மருத்துவ உதவியாளரை அழைத்துவர ஓடினார். வேறெதுவும் முடியாவிட்டாலும் வலிக்கு மருந்தாவது கொடுக்கலாம் அல்லவா? இருவரும் திரும்பி வரும்போது குடிசைக்குள்ளிருந்து ஒரு வேட்டுச் சத்தம். வேறொரு மரைன் வீரர் வெளியே வந்தார். கொலைவெறி பிடித்தவரல்லர், அமைதியானவர், ஒழுங்கானவர். கிழவிதான் கேட்டாள், துன்பத்தை முடித்து வைத்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். ஸ்லெட்ஜ் வெடித்துவிட்டார். கிழவிகளைக் கொல்லவா நம்மை அனுப்பினார்கள் என்று சத்தம் போட்டார். மேலாளரும் வந்து அந்த வீரரைக் கண்டித்தார்.

பெலிலியுவில் பிணத்தின் முன் கத்தியோடு குனிந்தவரும் ஒக்கினாவாவில் கிழவிக்காகக் கொதித்தவரும் ஒரே ஆள்தான். இடையில் ஏழெட்டு மாதங்கள். அந்த மாதங்கள் அவரை மென்மையாக்கவில்லை. இன்னும் கொடியவற்றைத்தான் காட்டின. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று சாகாமல் இருந்தது. டாக் அன்று தோளில் கை வைத்திராவிட்டால் அது உயிரோடு இருந்திருக்குமா? நமக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பல்லின் கதையை விட்டுவிட்டுக் கிழவியின் கதையை மட்டும் எழுதியிருந்தால் நல்லவர் என்று பெயர் கிடைத்திருக்கும். நாமும் அவரை நம்பியிருக்க மாட்டோம்.

ஒக்கினாவாவில் மாண்டவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்த நினைவிடம் ஒன்றை 1995-ஆம் ஆண்டு அங்கே திறந்தார்கள். ஜப்பானியர், அமெரிக்கர், தீவின் பொதுமக்கள் என்று வேறுபாடு இல்லாமல் 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். மிகப் பலர் போரில் சம்பந்தப்படாத தீவு மக்கள். அந்தக் கிழவியின் பெயர் அதில் இருக்கிறதோ என்னவோ.

போர் முடிந்தபின் சில மாதம் சீனாவில் பணிபுரிந்து 1946-இல் வீடு திரும்பினார். ஆபர்ன் நகரிலுள்ள கல்லூரியில் சேரச் சென்றபோது, பதிவு செய்துகொண்டிருந்த பெண், படையில் பயனுள்ளதாக ஏதாவது கற்றுக்கொண்டீர்களா என்று படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார். ஜப்பானியரைக் கொல்லவும், கொல்லப்படாமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள், அதற்கு உங்கள் படிவத்தில் இடம் உண்டா என்ற பொருளில் இவர் பதில் சொன்னார். இரவுகளில் பயங்கரக் கனவுகள். சிறுவயதில் ஆசையாகச் செய்த வேட்டைக்கு ஒரு நாள் தந்தையோடு போனார். சுடப்பட்டுத் துடித்த புறாவைக் கண்டு அழுதுவிட்டார். அதோடு துப்பாக்கியை வைத்துவிட்டார். பறவைகளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். உயிரியல் படித்து, டாக்டர் பட்டம் பெற்று, அலபாமாவிலேயே மான்டிவேலோ என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் 1990 வரை ஆசிரியராக இருந்தார். உயிர்களைக் கொல்லப் பழகியவர், உயிர்கள் எப்படி வாழ்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் படிப்புதான் தம் சித்தம் கலங்காமல் காத்தது என்று சொல்வாராம்.

புதிய ஏற்பாட்டிலிருந்த குறிப்புகளை விரித்து எழுதத் தொடங்கியபோது, அச்சிடும் எண்ணம் அவருக்கு இல்லை; தம் குடும்பத்தார் அறியட்டும் என்றே எழுதினார். மனைவி ஜீன் அம்மையார்தான் இதை எல்லாரும் படிக்க வேண்டும் என்று தூண்டினார். 1981-ஆம் ஆண்டு நூல் வெளிவந்தது. குண்டுச் சத்தம் ஓய்ந்து 36 ஆண்டுகளுக்குப் பின்! ஸ்லெட்ஜ் 2001-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் காலமானார். போர் இழிவானது, அருவருப்பானது, வீணானது என்று சொல்லும் அவரே, நாட்டுக்கு ஆபத்து வந்தால் கடமையைச் செய்துதான் ஆக வேண்டும் என்றும் முடிக்கிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று நாம் சில இரவு யோசித்திருக்கிறோம். பொருந்தவில்லை. அவர் அதைப் பொருத்திக் காட்ட முயலவும் இல்லை.

விழாக் குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அரைமணி என்று சொல்லித்தான் மேடையில் ஏற்றினார்கள். நூலின் ஆங்கிலப் பிரதி ஒன்று நம் அறையில் இருக்கிறது. அட்டை கிழிந்துபோய் ஒட்டியிருக்கிறோம். படிக்க விரும்பும் இளைஞர்கள் திங்கட்கிழமை மாலைக்கு மேல் வந்து கேட்டால் தருவோம். சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முந்தி வருகிறவர் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கலாம். கடைசியில் நம்மிடம் திரும்பி வந்தால் போதும்.